குள்ளக் குதிரைகளின் ஈற்றுக்கால அபாயங்களும் பராமரிப்பும்

பசுவும் எருமையும் ஈனுங் காலத்தில் அநுஷ்டிக்க வேண்டிய முறைகள் குடியானவர்கள் யாவருக்கும் பழக்கமானவையே. அவற்றின் ஈற்று சில மணி நேரம் நீடித்தாலும் கன்று பிழைப்பதுண்டு. இவ்வநுபவத்தைக் கொண்டே குதிரையின் ஈற்றையும் கவனிக்கப் புகுவது பெருந்தவறாகும். பனிக்குடம் உடைந்தபின் குதிரைக்குள்ள தவணை ஏறக்குறைய அரைமணி நேரமே. குதிரை வகைகளுள் மிகச் சிறியதான குள்ளக் குதிரைக்கு ஈற்றுத் தடை ஏற்படுவது மற்றவற்றைக் காட்டிலும் அதிகம். ஆகவே இதனை வளர்ப்போர் ஈற்றின் ஒழுங்கை முன்னரே அறிந்திருத்தல் அவசியமாகும்.

இனங்கள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் மட்டக் குதிரைகளே குள்ளக் குதிரைகள் பலவற்றிற்கும் மூலமாகும். பிரிட்டனில் 1842-ம் வருஷத்துச் சட்டம், பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவரும் சுரங்கங்களுக்குள் வேலை செய்வதைத் தடுத்தது. அதன் பின்னர் நிலக்கரி வண்டிகளை இழுக்க இச்சிறு குதிரைகள் பெரிதும் வேண்டப்பட்டன. இவ்வினத்தின் வம்சப் பதிவுச் சங்கம் 1890-ல் ஏற்பட்டது. அதன் விதிப்படி உயரம் 42 அங்குலத்துக்கு மேற்படலாகாது. 1978-ல் தோன்றிய அமெரிக்கக் குள்ளக் குதிரைச் சங்கமோ 34 அங்குலத்தை உச்ச அளவாகக் கொள்கிறது. அர்ஜென்டினா தேசத்துப் பலபெல்லா இனமும் இவ்வகையைச் சேர்ந்ததே. பிறக்கும் குட்டியின் எடை பெரும்பாலும் 7 கிலோ முதல் 11 கிலோ வரையில்தான் இருக்கும்.

தடையின் காரணம்

சிறிய பொலிகுதிரையைச் சேர்த்துவிட்டால் ஈற்று எளிதாகிவிடும் என்று எண்ணுவோர் உளர். இது பாதி உண்மையே. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் வால்டன், ஹாமண்ட் என்னும் அறிஞர் இருவர் பெரிய ஷயர் இனத்தையும் சிறிய ஷெட்லாந்து இனத்தையும் செயற்கைக் கருவூட்டலால் இருவழியிலும் கலந்து, அதன் பயனை 1938-ல் வெளியிட்டனர். ஷயர் தாயின் குட்டி, ஷெட்லாந்துத் தாயின் குட்டியைப்போல் பிறக்கும்போது ஏறக்குறைய மூன்று மடங்கு எடையுள்ளதாயிருந்தது. தந்தை பெரியதாயினும், தாயின் கருப்பையே குட்டியின் பருமனை வரையறுக்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

அங்ஙனமாயின் குள்ளக் குதிரைகளில் தடை ஏற்படுவதேன்? குட்டியின் எடை தாய்க்கு ஏற்றதாயிருப்பினும், அதன் தலை உடலைவிடச் சற்றுப் பெரிதாகவும் நெற்றி புடைத்தும் இருப்பதுண்டு. தாயின் இடுப்பு எலும்பின் வாயிலோ குறுகியது. தலை சிறிது திரும்பினாலும், ஒரு கால் மடங்கினாலும், அதனைச் சரிப்படுத்த வைத்தியரின் கை உள்ளே செல்ல இடமிராது. ஆகையால் பொலிகுதிரையின் உயரத்தைமட்டும் நோக்காது, தலையின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும்.

பிறவிக் குறளைமை மற்றொரு காரணம். இதனை விளைவிக்கும் மரபுக் குறைகள் நான்கினை அமெரிக்காவில் கெண்டகி பல்கலைக்கழகத்தார் கண்டறிந்து 2018-ல் வெளியிட்டனர். வெளித்தோற்றத்தில் குற்றமற்ற குதிரையும் இக்குறையை மறைவாகத் தாங்கியிருக்கலாம். அவ்வித ஆணும் பெண்ணும் சேரின், ஒவ்வோர் ஈற்றிலும் குட்டி இரு பக்கத்துக் குறையையும் பெறுவதற்கு நான்கில் ஒரு பங்கு ஏதுவுண்டு. பிடரி மயிரை வேருடன் எடுத்துச் சோதிப்பதால் இதனை முன்னரே அறியலாம். மூன்று வயது நிரம்பாத பெண் குதிரையைப் பொலிக்கு விடலாகாது.

சினைக் காலம்

சினைக் காலம் சுமார் 11 மாதமாகும். சேர்த்த தேதியைக் குறித்து வைத்தல் முதற் கடமை. பருத்த குள்ளக் குதிரையைச் சினையின் கடைசி மாதங்களில் பட்டினி போட்டு இளைக்கச் செய்வது உயிருக்கே அபாயம். தீனி குறைந்தால் அதன் உடற்கொழுப்பு கரைந்து இரத்தத்தில் மிகுந்து, ஈரலைக் கெடுக்கும். இந்நோய் மட்டக் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் விசேஷமாக வருவது. சினைக் குதிரை ஒரு நாள் தீனியை மறுத்துச் சோர்ந்து நின்றால், மறுநாள் பார்ப்போமென்று இராமல் உடனே வைத்தியரை அழைத்தல் வேண்டும். ஜன்னி முதலியவற்றிற்கான தடுப்பூசியை ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் மீண்டும் போடுவித்தால், அதன் பயன் சீம்பால் வழியே குட்டிக்கும் சேரும்.

அமெரிக்காவில் பெஸ்கியூ என்னும் புல்லினுள் வாழும் ஒருவகைப் பூஞ்சணத்தால், பால் வற்றுதலும், நாள் கடத்தலும், நச்சுக்கொடி தடித்தலும் நேர்கின்றன. ஆதலின் அங்கே ஈற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே சினைக் குதிரையை அம்மேய்ச்சலினின்று விலக்குகின்றனர்.

ஈற்றின் அறிகுறிகள்

ஈற்றுக்குச் சில வாரங்களுக்கு முன் மடி திரளும். வாலடித் தசை தளரும். கடைசி சில நாட்களில் காம்பின் நுனியில் மெழுகு போன்ற துளி காணும். ஆயினும் இவ்வடையாளங்கள் காணாமலே ஈனுவனவும் உண்டு. குதிரைகள் பெரும்பாலும் இரவிலேயே ஈனுவதால், இராக்காவல் இன்றியமையாதது. சுத்தமான வைக்கோல் பரப்பிய கொட்டிலில் தாயை விடுதல் நன்று. தட்டிக்கும் தரைக்கும் இடையே சந்து இருப்பின் அடைத்துவிட வேண்டும். சிறு குட்டி அதன் வழியே வெளியே நழுவிவிடக்கூடும்.

ஈற்று நேரம்

முதலில் குதிரை அமைதியின்றி எழுவதும் படுப்பதுமாக இருந்து வியர்க்கும். பனிக்குடம் உடைந்த கணத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் வெண்மையான மெல்லிய சவ்வினுள், முன்னங்கால்கள் இரண்டும், ஒன்று மற்றதற்குச் சிறிது முந்தி, குளம்பின் அடி கீழ்நோக்கியவாறு தோன்றும். அவற்றின்மேல் மூக்கு படிந்திருக்கும். இதுவே நேரான நிலை. பத்து நிமிஷங்களுக்குள் இவை காணாவிடினும், ஒரு காலே தோன்றினும், குளம்பின் அடி மேல்நோக்கியிருப்பினும், வைத்தியருக்கு ஆளனுப்ப வேண்டும். அவர் வரும்வரை தாயை எழுப்பி மெல்ல நடத்தினால் முக்கல் தணியும். பலர் கூடி முரட்டுத்தனமாய் இழுத்தல் தாய்க்கும் குட்டிக்கும் நாசம்.

வெண்சவ்விற்குப் பதிலாகச் சிவந்த, வெல்வெட்டுத் துணி போன்ற பை முதலில் வெளிப்படின், வைத்தியருக்காகக் காத்திராமல் அதனை உடனே கிழித்துவிட வேண்டும். நச்சுக்கொடி முன்னதாகப் பிரிந்து, குட்டி மூச்சற்றுப்போகும் நிலை இது. குட்டியின் கால்களைப் பற்றி, தாய் முக்கும்போது மாத்திரம், தாயின் பின்னங்கால் முட்டியை நோக்கிக் கீழ்முகமாக இழுத்து உதவலாம்.

ஈன்ற பின்

மூக்கை மூடிய சவ்வை விலக்கிய பின்னர், தாயையும் குட்டியையும் சிறிது நேரம் அசையாது படுத்திருக்க விடல் வேண்டும். தொப்புட்கொடியை அறுக்கலாகாது, தாய் எழும்போது அது தானே அறும். அறுந்த முனையை வைத்தியர் கொடுக்கும் நீர்த்த கிருமிநாசினியில் தோய்க்க வேண்டும். கடுமையான அயோடின் தோலைப் புண்ணாக்கும்.

குட்டி ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் நச்சுக்கொடி விழ வேண்டும். இம்மூன்றையும் நினைவிற் கொள்வது எளிது. பசுவுக்குக் காத்திருப்பதுபோல் குதிரைக்குக் காத்திருப்பின் கருப்பை அழுகலும், அதனால் குளம்பு வீக்கமும் வரும். தொங்கும் நச்சுக்கொடியை இழுக்காமல் முடிச்சிட்டு வைத்தல் வேண்டும். விழுந்ததும் அதைத் தரையில் விரித்து, இரு கிளைகளின் நுனியும் முழுமையாக உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

குதிரைக் குட்டி நோயெதிர்க்கும் சத்தைக் கருவிற் பெறுவதில்லை. சீம்பாலே அதனைத் தருவது. அச்சத்தை ஏற்கும் வலிமை குட்டியின் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாளில் அற்றுப்போகும். தாயின் மடியிற் பால் ஈற்றுக்கு முன்பே ஒழுகிப்போயிருப்பின், வேறு குதிரையின் சீம்பாலைத் தேடிக் கொடுத்தல் வேண்டும். ஈன்ற 18 முதல் 24 மணி நேரத்துள் குட்டியின் இரத்தத்தைச் சோதித்தால் குறை வெளிப்படும். உடல் சிறிதாகையால் குள்ளக் குட்டி விரைவிற் குளிர்ந்து, இரத்தச் சர்க்கரை குறைந்து சோரும். எனவே அதனை உலர்த்திக் காற்றுப் படாமற் காத்தல் வேண்டும். முதற் சாணம் கழியாமல் முக்கும் குட்டியையும் தாமதமின்றி வைத்தியருக்குக் காட்டுதல் வேண்டும்.

ஈற்று மாதம் தொடங்குமுன்பே வைத்தியரின் இருப்பிடத்தை அறிந்து, இரவிலும் அவரை அழைத்துவர ஆளும் வண்டியும் ஏற்படுத்திவைத்தல் குதிரைக்குடையவரின் கடமை. குள்ளக் குதிரையின் ஈற்றில் குட்டியைக் காப்பதும் இழப்பதும் பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்தைப் பொறுத்ததே.