கண் ஆபரேஷனுக்கு முன் டேப்பை எடுத்து அளந்துகொள்ளுங்கள்

கண்புரை அறுவை சிகிச்சை பெரும்பாலும் கால் மணி நேரம், மிஞ்சினால் அரை மணி நேரம். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம். இதைக் கேட்டுவிட்டுத்தான் பலர், “வெள்ளிக்கிழமை பண்ணிக்கிட்டு திங்கட்கிழமை வந்துடறேன் சார்” என்று மேலாளரிடம் சொல்லிவிடுகிறார்கள். கணக்கு எழுதுகிறவருக்கு ஒருவேளை அது நடக்கலாம். மூட்டை தூக்குகிறவர், வெல்டிங் பட்டறைக்காரர், ராத்திரி பஸ் ஓட்டுகிறவர் என்றால் நடக்காது. ஐம்பதைத் தாண்டியும் வேலையில் இருக்கிறவர்களுக்கும், சர்க்கரை நோயாலோ நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்தாலோ அதற்கு முன்பே புரை வந்தவர்களுக்கும் இந்தக் குறிப்பு. பார்வையைத் திருத்த வேண்டியது மருத்துவர் பொறுப்பு. உங்கள் வேலை என்ன என்பதை நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

முதலில் லென்ஸ்

மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். அதன் பவரை முன்கூட்டியே கண்ணை அளந்து முடிவு செய்கிறார்கள். சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸ் ஒரே தூரத்தில்தான் தெளிவாகக் காட்டும். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் வழக்கமாகத் தூரப் பார்வைக்குத்தான் வைப்பார்கள். தெருவில் வரும் பஸ்ஸின் எண் தெரியும், செய்தித்தாளுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டியிருக்கும். நிறையப் பேருக்கு இது போதும்.

எல்லோருக்கும் போதாது. சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை உள்ள ஒரு நகை ஆசாரியை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கல்லை மூக்கருகே பிடித்துப் பதிப்பது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். தூரத்துக்கு லென்ஸ் வைத்துவிட்டால் அந்தக் கிட்டத்துப் பார்வை அவருக்குப் போய்விடும். அவரைப் போன்றவர் முன்பே சொன்னால், கிட்டத்தில் தெளிவாகத் தெரியும்படி பவரைக் கணக்கிடலாம். தூரத்துக்கு அவர் வழக்கம்போலக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே அளவெடுக்கும் நாளுக்கு முன் ஒரு டேப் எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்காருங்கள். கண்ணிலிருந்து மானிட்டர் எத்தனை சென்டிமீட்டர், தையல் ஊசி எத்தனை, கல்லாப்பெட்டி எத்தனை என்று எழுதிக்கொண்டு போங்கள். படிப்பது பொதுவாக 35, 40 சென்டிமீட்டரில். மானிட்டர் பெரும்பாலும் 50-க்கும் 70-க்கும் இடையில் இருக்கும். படிக்கிற கண்ணாடியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மானிட்டரைப் பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கண்ணாடியே வேண்டாம் என்று மல்டிஃபோகல் லென்ஸுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். அது ஒளியைப் பல தூரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இருட்டில் எதிர்வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கலான வெளிச்சத்தில் பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) சரியாகத் தெரியாமல் போகலாம். இரவில் லாரி ஓட்டுகிறவருக்கு இது சரிப்படாது என்பது என் கருத்து. சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவர்களே பொதுவாக இதைச் சொல்வதில்லை. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கிற முறையும் உண்டு. சாரத்தில் ஏறி வேலை செய்கிறவர், கிரேன் இயக்குகிறவர் என்று ஆழத்தைக் கணித்துப் பிழைப்பவர்கள் அதற்கு ஒத்துக்கொள்ளும் முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

விலை கூடினால் தரமும் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. கூடுதல் பணம் கூடுதல் வசதிக்குத்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 1992-இல் ஆரோலேப் தொடங்கி உள்ளூரிலேயே லென்ஸ் தயாரித்த பிறகுதான் அது ஏழைகளுக்கும் எட்டும் விலைக்கு வந்தது. கடன் வாங்கி விலை உயர்ந்த லென்ஸ் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவெடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். கடினமான வகை என்றால் சில வாரங்கள். இல்லாவிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

சொல்ல மறக்கும் மாத்திரை

ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் பலர் சிறுநீர் சரியாகப் போவதற்கு டாம்சுலோசின் மாத்திரை எடுக்கிறார்கள். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அறுவையின்போது கருவிழித்திரை தொய்ந்துபோய்ச் சிக்கலாக்கக்கூடிய மருந்து அது. எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள், மருத்துவர் முன்னேற்பாட்டோடு இருப்பார். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு மாதமாவது முன்பே தொடங்குங்கள்.

எப்போது, எத்தனை நாள்

“கத்திரி வெயிலில் கண் ஆபரேஷன் கூடாது”, “புரை முற்றட்டும்” என்று இரண்டு பேச்சு இன்னும் ஊரில் உலவுகிறது. வெயில் காலத்தில் தாராளமாகச் செய்யலாம். முற்றவிட்டால் புரை கடினமாகி எடுப்பதுதான் சிரமமாகும். வேலையில் தப்பு வரத் தொடங்கிவிட்டதா, இரவில் வண்டி ஓட்டப் பயமாக இருக்கிறதா, அதுதான் நேரம். சொட்டு மருந்தால் புரையைக் கரைக்க முடியாது.

உங்கள் தொழிலின் காலண்டரைப் பார்த்துத் தேதி வாங்குங்கள். ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்கு முந்தைய மாதத்தைத் தவிர்க்க வேண்டும், கணக்குப் பிரிவினர் மார்ச்சை. ஆசிரியருக்கு மே மாதம் வசதி. விவசாயி நடவுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

மேசை வேலை என்றால் சில நாட்களிலிருந்து ஒரு வாரம். தூசி, புகை, அடுப்பு வெக்கை, பாரம், குனிந்து செய்யும் வேலை என்றால் இரண்டு முதல் நான்கு வாரம் கேட்டு வையுங்கள். புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுக்கும் பாகோ முறையில் வெட்டு மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். கையால் புரையை வெளியே எடுக்கும் முறையில் வெட்டு அதைவிடப் பெரிது, ஆறுவதற்கும் நாள் கூடும். வண்டி ஓட்டுவது மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். மேலாளரிடம் “கண் ஆபரேஷன், லீவு வேணும்” என்பதோடு நிறுத்தாமல் இப்படிச் சொல்லுங்கள்: “இந்தத் தேதியிலிருந்து ஒரு வாரம் விடுப்பு. அடுத்த மூன்று வாரம் பாரமும் தூசியும் இல்லாத வேலை கொடுங்கள். சொட்டு மருந்து போட நடுநடுவே ஐந்து நிமிடம் வேண்டும்.” உடல் தகுதிச் சான்றிதழிலும் அந்தக் கட்டுப்பாட்டை எழுதி வாங்கிவிட்டால் மேஸ்திரியோடு வாக்குவாதம் மிச்சம்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இஎஸ்ஐயில் இருப்பவர்கள், தேவையான சந்தா கட்டப்பட்டிருந்தால், மருத்துவர் சான்றளித்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகப் பெறலாம். வருடத்துக்கு 91 நாள் வரை இது உண்டு. சம்பளமில்லா விடுப்பு என்று நினைத்துச் சீக்கிரமே பட்டறைக்கு ஓடிவருகிற பலருக்கு இது தெரிவதில்லை.

தனியார் காப்பீட்டில் 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டியதில்லை, கண்புரை அறுவை பகல்நேரச் சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பாலிசி எடுத்து இரண்டு வருடம் ஆகாமல் கண்புரைக்குப் பணம் தராத பாலிசிகளே அதிகம். தொகைக்கும் உச்சவரம்பு இருக்கும். ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அது. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் இல்லாமலும் இருக்கலாம், ஹெச்ஆரிடம் கேளுங்கள். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது, புரையும் இருக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். வேலையோடு அந்தக் காப்பீடும் போய்விடலாம்.

சொட்டு மருந்துதான் வேலை

அறுவைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் உங்கள் முக்கியப் பணி சொட்டு மருந்து. ஆரம்பத்தில் அடிக்கடி, பிறகு மெல்லக் குறைப்பார்கள். போனில் அலாரம் வையுங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, கீழிமையை இழுத்து ஒரு சொட்டு. பாட்டில் நுனி கண்ணில் படக் கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். கிரீஸ் கையோடு சக ஊழியர் “நான் போட்டு விடறேன்ணே” என்று வந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள்.

தலைக்குக் குளிப்பதற்கு மருத்துவர் நாள் சொல்வார். அதுவரை முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். கண்ணைக் கசக்கக் கூடாது. தூங்கும்போது கண் மூடியைக் கட்டிக்கொள்ளுங்கள், தூக்கத்தில் கை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் பார்ப்பதால் லென்ஸ் கெட்டுவிடாது. கண் வறண்டு மணல் விழுந்ததுபோல உறுத்தலாம். எழுத்தைப் பெரிதாக்கி, அடிக்கடி இமை கொட்டி, நடுநடுவே எழுந்து போனால் சமாளிக்கலாம். இன்னொன்று, புரை பழுப்பேறி இருந்தவர்களுக்கு இப்போது வெள்ளை திடீரென நீலம் கலந்து தெரியும். திருப்பூர் சாயப்பட்டறையில் ஷேட் பார்க்கிறவரோ அச்சகத்தில் நிறம் சரிபார்க்கிறவரோ ஒரு கண் மட்டும் முடிந்த நிலையில் தனியாக ஒப்புதல் கொடுக்க வேண்டாம். ஒரு துணியே இரண்டு கண்ணுக்கு இரண்டு நிறமாகத் தெரியும்.

வலி குறையாமல் கூடுகிறது, கண் சிவக்கிறது, தெளிந்த பார்வை மறுபடி மங்குகிறது, மின்னல் வெட்டுகிறது, ஓரத்தில் கறுப்புத் திரை இறங்குகிறது என்றால் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு வாங்காதீர்கள். அன்றே அறுவை செய்த இடத்துக்குப் போங்கள். கிருமித் தொற்றும் விழித்திரை விலகலும் அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் மணிக்கணக்கில்தான் அவகாசம்.

புதுக் கண்ணாடியைப் பெரும்பாலும் ஒரு மாதம் கழித்தே எழுதுவார்கள். மறு கண்ணுக்கும் அறுவை இருக்கிறதென்றால் விலையுயர்ந்த கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம், பவர் மாறும். நடுவில் இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாகிப் படி இறங்கும்போது தடுமாறுகிறவர்கள் உண்டு. ஏணி ஏறும் வேலை என்றால் இரண்டு தேதிகளையும் நெருக்கமாக வாங்குங்கள்.

சில மாதமோ சில வருடமோ கழித்துப் பார்வை மீண்டும் மங்கினால் புரை திரும்பி வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். லென்ஸைத் தாங்கும் பின்படலம் மங்கியிருக்கும். யாக் லேசரால் சில நிமிடத்தில் திறந்துவிடுவார்கள், அரை நாள் விடுப்பு போதும். கண்மணியை விரிக்க மருந்து விட்டிருப்பார்கள் என்பதால் அன்று பைக்கை எடுக்காமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.