வெப்பத்தில் நீள்தூர டிரையத்லன்: உடல் வெப்பநிலையும் நீர்ச் சமநிலையும்

உடல் வெப்பநிலையின் ஓர்சீர்த்திடநிலை பற்றி நீங்கள் விஞ்ஞானத்தில் ஒரு முறையும், சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் இன்னொரு முறையும் படிக்கிறீர்கள். இரண்டு கொப்பிகளில் பிரிந்து கிடக்கும் அக்குறிப்புகளை ஒன்றுசேர்த்து விளங்கிக்கொள்ள நீள்தூர டிரையத்லன் நல்ல எடுத்துக்காட்டாகும். பரீட்சைக்கு மட்டுமன்றி, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் நடைபெறும் மரதனில் வெயிலில் ஓடப்போகும் உங்களுக்கும் உங்கள் நண்பர்களுக்கும் இது உதவும்.

டிரையத்லன் என்பது நீச்சல், சைக்கிளோட்டம், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவேளையின்றி அடுத்தடுத்துச் செய்யும் போட்டியாகும். அதன் நீள்தூர வடிவமான ‘அயன்மேன்’ போட்டி 1978 இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஒஆகுவில் தொடங்கியது. முதற் போட்டியில் 15 பேர் பங்குபற்றி 12 பேர் முடித்தனர். 1981 இல் போட்டி பெரிய தீவிலுள்ள கோனாவுக்கு மாற்றப்பட்டது. 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிளோட்டம், இறுதியாக 42.2 கிலோமீற்றர் கொண்ட முழு மரதன் என்பன இதில் அடங்கும். சிறந்த வீரர்களுக்கே எட்டு மணித்தியாலம் அளவில் தேவைப்படும். இதன் அரைத் தூரப் போட்டியொன்று 2018 பெப்ரவரியில் கொழும்பிலும் நடத்தப்பட்டது.

கோனாவின் பாதை எரிமலைக்குழம்பு உறைந்த கரும்பாறை வெளிகளினூடாகச் செல்கிறது. நிழல் அரிது. கருமையான மேற்பரப்பு வெப்பக் கதிர்களை நன்கு உறிஞ்சி மீண்டும் நன்கு காலும் என்பதை நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். ஆகவே வீரருக்கு மேலிருந்து சூரியனும் கீழிருந்து தரையும் வெப்பம் தருகின்றன. எனினும் அவரைச் சூடாக்குவதில் பெரும்பங்கு இவ்விரண்டுக்கும் உரியதன்று. அவருடைய சொந்தத் தசைகளே பிரதான வெப்பமூலம். இதை ஒரு கணிப்பின் மூலம் பார்ப்போம்.

கலச்சுவாசத்தில் வெளியாகும் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே சைக்கிளை முன்செலுத்தும் வேலையாகிறது, எஞ்சியது வெப்பமாகும். வினைத்திறன் 20% எனக் கொள்வோம். 70 கிலோகிராம் திணிவுடைய வீரர் மிதிகட்டைக்கு 200 வாற்று வலுவை வழங்கினால், அவரது உடலில் செக்கனுக்கு 1000 யூல் சக்தி வெளியாகும். அதில் 800 யூல் வெப்பமாகும். மனித உடலின் தன்வெப்பக் கொள்ளளவு ஒரு கிலோகிராமுக்கு, ஒரு பாகைக்கு ஏறத்தாழ 3500 யூல். ஆகவே அவரது உடல் முழுவதும் ஒரு பாகை சூடாக 70 × 3500 = 245,000 யூல் போதும். செக்கனுக்கு 800 யூல் வீதம் அது ஏறத்தாழ 306 செக்கனில், அதாவது ஐந்து நிமிடத்தில், சேர்ந்துவிடும். வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால் 37 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயரக் கால் மணித்தியாலம் போதும் என்பதே இதன் பொருள். எட்டு மணித்தியாலப் போட்டியில் கால் மணித்தியாலம்! எனவே, வெப்பம் எந்த வீதத்தில் வெளியேறுகிறதோ அதற்கேற்பவே வீரர் தமது வேகத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். கால்களில் இன்னும் பலம் இருக்கிறது என்பதற்காக வேகத்தைக் கூட்ட முடியாது.

வெப்பம் வெளியேறும் வழிகள் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல், வியர்வை ஆவியாதல் என நான்காகும். மூன்று கட்டங்களிலும் இவற்றின் பங்கு வேறுபடுவதைக் கவனியுங்கள். நீச்சலில் உடலை விடக் குளிர்ந்த கடல்நீர் கடத்தல், மேற்காவுகை மூலம் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சைக்கிளோட்டத்தில் மணிக்கு 35, 40 கிலோமீற்றர் வேகம் தானாகவே காற்றை உண்டாக்கி வியர்வையை உலர்த்துகிறது. ஓட்டத்திலோ வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. காற்றோட்டம் குறைகிறது, நேரமும் நண்பகலைத் தாண்டிவிடுகிறது. மேலும், சூழலின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை மிஞ்சினால், முதல் மூன்று வழிகளாலும் வெப்பம் உள்ளே வருமேயன்றி வெளியே போகாது. அப்போது எஞ்சுவது ஆவியாதல் ஒன்றே.

தோலில் ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2400 யூல் வெப்பத்தை உறிஞ்சும். நமது வீரர் ஒரு மணித்தியாலத்தில் உண்டாக்கும் 2,880,000 யூல் வெப்பத்தை ஆவியாதலால் மட்டும் அகற்ற 1200 கிராம், அதாவது ஏறத்தாழ 1.2 லீற்றர் வியர்வை முழுமையாக ஆவியாக வேண்டும். ‘முழுமையாக’ என்ற சொல்லுக்குக் கீழே கோடிடுங்கள். வளியின் சாரீரப்பதன் கூடுதலாக இருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டாக விழுகிறது. சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரும் உப்பும் நட்டமாவதே மிச்சம். “வியர்வை சுரப்பதால் உடல் குளிர்கிறது” என்று பல மாணவர்கள் எழுதுகின்றனர். “வியர்வை ஆவியாவதால்” என்று எழுதுவதே சரியாகும்.

இப்போது குருதியைப் பாருங்கள். வெப்பநிலை உயர்வதை மூளையின் பரிவகக்கீழ் உணர்ந்ததும் தோலின் குருதிக்கலன்கள் விரிகின்றன. ஆனால் உழைக்கும் தசைகளுக்கும் அதே குருதி தேவை. வியர்வையால் குருதியின் நீர்ப்பங்கு குறையக் குறைய, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு குறைகிறது. அதை ஈடுசெய்ய இதயத் துடிப்பு கூடுகிறது. உணவுக்கால்வாய்க்குச் செல்லும் குருதியும் குறைவதால் குடித்த பானம் வயிற்றில் தேங்கி வாந்தியாகலாம். வேகம் மாறாதிருக்க, இதயத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அதன் செய்தி.

அச்செய்தியை மீறினால் நிகழ்வதை கோனா பல முறை கண்டிருக்கிறது. அங்கு ஏழு முறை வென்றிருந்த போலா நியூபி-பிரேசர் 1995 இல், தொடர்ந்து வருபவரை எண்ணிக் கடைசி நீர் நிலையங்களைத் தவிர்த்து விரைந்தார். முதலிடத்தில் வந்துகொண்டிருந்த அவர் முடிவுக்கோட்டுக்குச் சிறிது தூரத்தில் நிலைகுலைந்து வீதியில் விழுந்தார். பின்னர் எழுந்து நடந்து நான்காவதாக முடித்தார். 2025 ஒக்டோபரில் அங்கு நடந்த பெண்கள் உலகச் சம்பியன் போட்டியில், 2023 இல் வென்றிருந்த லூசி சார்ள்ஸ்-பார்க்கிளே ஓட்டத்தின்போது விலகினார். முன்னணியில் ஓடிய டெய்லர் நிப் முடிவுக்கோட்டுக்குச் சில கிலோமீற்றர் இருக்கையில் வீதியோரம் அமர்ந்துவிட்டார். நோர்வே வீராங்கனை சொல்வெய்க் லொவ்செத் வென்றார். விலகிய இருவரும் உலகின் முதல்தர வீராங்கனைகள் என்பதை மறவாதீர்கள்.

அப்படியானால் நிறையக் குடித்தால் போதுமா? மாணவர்கள் பெரும்பாலும் தவறாக எழுதும் இடம் இதுவே. நீரிழப்பு ஆபத்தானது, உடல் நிறையில் 2% க்கு மேல் இழந்தால் ஆற்றல் பொதுவாகக் குறையத் தொடங்கும். ஆனால் வியர்வையில் இழந்ததை விடக் கூடுதலாக வெறும் நீரைக் குடித்துக்கொண்டே போனால் குருதியில் சோடியத்தின் செறிவு குறைகிறது. அப்போது பிரசாரணத்தால் நீர் கலங்களுக்குள் புகுகிறது, கலங்கள் வீங்குகின்றன. மண்டையோட்டினுள் மூளை வீங்க இடமில்லை. ஆதலால் தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு, சில வேளை மரணமும் ஏற்படும். 2002 பொஸ்ரன் மரதனில் குருதி பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13% ஆனோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்களுள் பலர் ஓடி முடித்தபோது தொடக்கத்தை விட நிறை கூடியிருந்தனர். பயிற்சியின் முன்னும் பின்னும் நிறையை அளந்து தமது வியர்வை வீதத்தை அறிந்துகொள்வதும், தாகத்துக்கேற்பக் குடிப்பதும், நீண்ட போட்டியில் உப்பும் சீனியும் கலந்த பானத்தைச் சேர்ப்பதும் பொருத்தமான வழிகளாகும்.

வெப்பத்துக்கு உடலைப் பழக்கவும் முடியும். 10 முதல் 14 நாட்கள் வெப்பத்தில் படிப்படியாகப் பயிற்சி செய்தால் குருதியின் நீர்ப்பங்கு கூடுகிறது. வியர்வை முந்திச் சுரக்கிறது. அதில் உப்பு குறைகிறது. குளிர்நாட்டு வீரர்கள் கோனாவுக்கு முன்கூட்டியே செல்வது இதனாலேயே.

ஹீற் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத்தாக்கத்தில் உடலின் உள்வெப்பநிலை 40 பாகையைத் தாண்டுவதுடன் மூளையின் தொழிற்பாடும் குழம்பும். பொருத்தமின்றிப் பேசுதல், தள்ளாடுதல், கோபப்படுதல், மயங்குதல் என்பன அடையாளங்கள். தோல் உலர்ந்திருக்கும் என்று பழைய குறிப்புகளில் காண்பீர்கள். ஓடும்போது வெப்பத்தாக்கத்துக்கு உள்ளானவரின் தோல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். ஆகவே வியர்க்கிறது என்பதற்காக ஆபத்தில்லை என்று இருந்துவிடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுசென்று உடனே குளிர்விக்க வேண்டும். கழுத்துவரை குளிர்நீரில் அமிழ்த்துவது மிகச் சிறந்தது. அப்போது தலையை ஒருவர் தாங்கியிருக்க வேண்டும். அது இயலாவிடின் உடல் முழுவதும் நீரூற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வையுங்கள். மற்றொருவர் 1990 சுவசரிய அம்புலன்சை அழைக்கட்டும். அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம். நினைவு தெளிவில்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக்கூடாது.

மாதிரி வினா

வெப்பமான நாளில் நடந்த நீள்தூரப் போட்டியின் முன் ‘அ’ என்பவரின் நிறை 60.0 கிலோகிராம், பின் 61.2 கிலோகிராம். அவருக்குத் தலைவலியும் குமட்டலும் உள்ளன. ‘ஆ’ என்பவரின் நிறை 70.0 கிலோகிராமிலிருந்து 66.5 கிலோகிராமாகக் குறைந்துள்ளது. அவர் தெளிவாகப் பேசுகிறார், தாகம் என்கிறார். இருவருக்கும் நீர் கொடுக்கலாமா? காரணம் தருக.

விடை

‘அ’ வுக்கு நிறை கூடியுள்ளது. எனவே அவர் இழந்ததை விட அதிகம் குடித்துள்ளார். குருதியில் சோடியம் குறைந்திருக்கலாம். மேலும் நீர் கொடுத்தால் கலங்களின் வீக்கம் கூடும். ஆகவே நீர் கொடுக்காது உடனடியாக மருத்துவ உதவி பெற வேண்டும். ‘ஆ’ வின் நிறை இழப்பு 3.5 ÷ 70 × 100 = 5%. இழந்தது முழுவதும் நீரன்று, எரிக்கப்பட்ட கிளைக்கோசனும் கொழுப்பும் அதில் அடங்கும். எனினும் பெரும்பகுதி நீரே. அவரை நிழலில் இருத்தி, உப்பும் சீனியும் கலந்த பானத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

கணிப்பை மட்டும் எழுதிக் காரணத்தை விட்டால் பாதிப் புள்ளியே கிடைக்கும்.