சினம் பிறவிக் குணமா?

விவேக் நகரில் ஒரு சந்தில், குட்டி ஈன்ற நாயொன்று அருகே சென்ற சிறுவன்மேல் சீறிப் பாய்ந்தது. “இதன் ஜாதியே கடிக்கும் ஜாதி, அடித்து விரட்டுங்கள்” என்றார் ஒருவர். அவர் கூற்று மெய்தானா என ஆராய்வோம்.

சினத்தில் பிறவிக்குப் பங்குண்டு என்பது உண்மையே. 1959-ஆம் ஆண்டு ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி பெலியாயெவ், மனிதரைக் கண்டு அதிகம் அஞ்சாமலும் சீறாமலும் இருந்த நரிகளை மட்டும் தேர்ந்து, சைபீரியாவில் இனம் பெருக்கத் தொடங்கினார். ஆறாம் தலைமுறைக்குள் மனிதரைக் கண்டு வாலாட்டிக் கை நக்கும் குட்டிகள் தோன்றின. அவ்வழி வந்த நரிகளின் மூளையில், சினத்தை அடக்க உதவும் செரோட்டோனின் என்னும் இரசாயனப் பொருள் மிகுந்திருக்கக் கண்டனர். சீறும் நரிகளையே தேர்ந்து வளர்த்த மற்றொரு கிளையிலோ சீற்றம் நிலைத்தது.

ஆயின் பிறவியே முழுக் காரணமாகுமா? ஆகாது. அதற்குச் சான்று நம் பெங்களூரிலேயே உண்டு. டாடா இன்ஸ்டிடியூட் என்று நம்மவர் அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், பேராசிரியர் ராகவேந்திர கதக்கர் ஒருவகைக் குளவியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அக்கூட்டின் ராணி சாந்தமானது. தன் உடலில் சுரக்கும் ஒரு பொருளைக் கூட்டின்மேல் தேய்த்துத் தான் இருப்பதை அறிவிக்கும். ராணியை எடுத்துவிட்டால், சிறிது நேரத்தில் வேலைக்காரக் குளவிகளுள் ஒன்று மற்றவற்றைக் கடுமையாகத் தாக்கும். ராணியை உடனே திருப்பி வைத்தால் அது மீண்டும் வேலைக்குத் திரும்பும். வைக்காவிடில், சுமார் ஒரு வாரத்தில் தானே முட்டையிடத் தொடங்கும். அதன் சினமும் படிப்படியாகத் தணியும். உடல் அதுவே, பிறவியும் அதுவே. மாறியது நிலைமை மட்டுமே.

இப்பொழுது அந்நாயைப் பாருங்கள். ஈன்று பாலூட்டும் காலத்தில் தாயின் உடற்சுரப்புகள் மாறுகின்றன. குட்டிகளை நெருங்குவோரைப் பகைவராக எண்ணி எதிர்க்கிறது. குட்டிகள் வளர வளர அவ்வேகம் குறைந்துவிடும். அதற்குள் நாம் கல்லெறிந்தால், அச்சம் கூடிச் சீற்றமே வளரும்.

ஆதலின் செய்யத்தக்கது யாது? சிறுவரை அவ்விடத்திற்கு அனுப்பாதிருத்தல். சற்றுத் தொலைவில் தண்ணீர் வைத்தல். சில வாரங்கள் பொறுத்தல். இவையே போதும். ஓர் உயிரின் செயலைக் கண்டவுடன் அதன் ஜாதியைக் கேட்பது எளிது. அதற்கு நேர்ந்தது யாதெனக் கேட்பதே அறிவு.