தோள்மூட்டு மாற்று சிகிச்சையும் கம்ப்யூட்டரின் வழிகாட்டுதலும்



நோயாளிகளைப் படுக்கையருகே சந்திக்கும்போது, "ஐயா, கை தலைக்கு எட்டவில்லை" என்று பலர் சொல்ல நாங்கள் கேட்பதுண்டு. தலை வாரவும், ரவிக்கை அணியவும், மேல் பலகையிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுக்கவும் முடியாமல், இரவில் அந்தப் பக்கமாய்ப் படுத்துத் தூங்கவும் முடியாமல் இவர்கள் வருந்துகிறார்கள். முழங்கால் தேய்மானத்தைப்பற்றி எல்லாரும் அறிவோம். தோள்மூட்டும் தேயும் என்பதையும், அதையும் மாற்றிப் பொருத்தக்கூடும் என்பதையும் அறிந்தோர் குறைவு. இப்போது "கம்ப்யூட்டர் ஆபரேஷன்" என்ற பேச்சும் எழுந்துள்ளது. கம்ப்யூட்டரே அறுவை செய்கிறது, அதில் தவறே வராது என்று நம்பி நகையை அடகு வைக்கத் துணியும் குடும்பங்களும் உண்டு. ஆகவே இந்தக் காரியத்தைச் சற்று நிதானமாய்ப் படிப்போம்.

1. தோளின் அமைப்பு

இடுப்பு மூட்டு, ஆட்டுக்கல்லின் குழியில் குழவி இருப்பதுபோல் ஆழமாய் அமர்ந்துள்ளது. தோள் அப்படியல்ல. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பிலுள்ள ஆழமற்ற சிறு குழியில் சாய்ந்து நிற்கிறது. அக்குழியின் உயரம் சுமார் 3.5 செ.மீ.; அகலம் சுமார் 2.5 செ.மீ. குழி ஆழமில்லாதபடியால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. சுற்றிலுமுள்ள 4 தசைகளின் நாண்கள் உருண்டையைக் குழியோடு சேர்த்துப் பிடிக்கின்றன.

தேய்மானத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு அழிந்து, எலும்போடு எலும்பு உரசுகிறது. பலருக்குக் குழியின் பின்பக்கமே அதிகமாய்த் தேய்வதால், குழி பின்னோக்கிச் சாய்ந்துவிடுகிறது. இந்தச் சாய்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் தேவைப்படுவதே இதனால்தான்.

2. மாற்று மூட்டு வந்த வழி

1893-ம் ஆண்டு பாரிஸ் நகரில் டாக்டர் எமில் பெயான், காசநோயால் தோள் கெட்டுப்போன ஒரு ரொட்டித் தொழிலாளிக்கு, பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு செய்த மூட்டைப் பொருத்தினார். ஏறக்குறைய 2 ஆண்டுகளுக்குப்பின் கிருமித்தொற்றினால் அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. 1950-களில் நியூயார்க்கில் டாக்டர் சார்லஸ் நியர், நொறுங்கிய எலும்புத் தலைக்குப் பதிலாக உலோகத் தலையைப் பொருத்தினார். பின்னர் தேய்மானத்துக்கும் அதைப் பயன்படுத்தி, 1974-ல் அதன் பலன்களை வெளியிட்டார். இன்று வழக்கமான முறையில் மேற்கையில் உலோகத் தலையும், குழியில் உறுதியான பிளாஸ்டிக் கிண்ணமும் வைக்கப்படுகின்றன.

தசைநாண்கள் கிழிந்துபோனவர்களுக்கு இந்த முறை உதவாது. அவர்களுக்காக 1985-ல் பிரான்சின் டிஜோன் நகரில் டாக்டர் பால் கிராமோன் மூட்டையே தலைகீழாக்கினார். உருண்டை தோள்பட்டை எலும்பிலும், கிண்ணம் மேற்கையிலும் அமைந்தன. அப்போது தோளை மூடியுள்ள பெரிய வெளித்தசையே கையை உயர்த்திவிடுகிறது.

3. கம்ப்யூட்டர் செய்வது

அறுவையின்போது டாக்டரின் கண்ணுக்குத் தெரிவது குழியின் முகப்பு மட்டுமே. அகன்ற தோள்பட்டை எலும்பின் மற்றப் பகுதி தசைகளுக்குள் மறைந்திருக்கிறது. ஆகவே குழி எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதைக் கண்ணால் மட்டும் அளப்பது கடினம். சாய்ந்த இடத்தில் சாய்வாகவே கிண்ணத்தை வைத்தால், உருண்டை ஓர் ஓரத்தையே அழுத்தும். நாளடைவில் கிண்ணம் ஆட்டங்கண்டு கழன்றுபோகலாம். குழியில் வைத்த பாகம் தளர்வது, மறு அறுவைக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

இதற்காக முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து, நோயாளியின் எலும்பை கம்ப்யூட்டர் திரையில் முப்பரிமாணமாய்க் காண்கிறார்கள். எந்த அளவு பாகம், எந்தக் கோணம் என்று அப்போதே திட்டமிடுகிறார்கள். அறுவையின்போது, தோள்பட்டை எலும்பின் முன்புறம் காக்கை மூக்குப்போல் நீண்டுள்ள பகுதியில் ஒரு சிறு அடையாளக் கருவியைத் திருகுகிறார்கள். பின்பு டாக்டர் ஒரு கோலினால் எலும்பின் பல இடங்களைத் தொட்டுக் காட்டுகிறார். கம்ப்யூட்டர் அவற்றை ஸ்கேன் படத்தோடு பொருத்திக்கொள்கிறது. காமிரா ஒன்று கருவிகளின் அசைவைக் கவனிக்க, துளையிடும் கருவி எத்தனை டிகிரி சாய்ந்துள்ளது, எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போயிற்று என்று திரை உடனுக்குடன் காட்டுகிறது. துளையிடுவது டாக்டரின் கைதான்.

4. அதன் எல்லை

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர டாக்டர்கள் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 10 பேருக்கு இவ்வழிகாட்டுதலோடும், 10 பேருக்கு அது இல்லாமலும் அறுவை செய்யப்பட்டது. வழிகாட்டுதல் பெற்றவர்களுக்குப் பின்சாய்வு சராசரியாகச் சுமார் 15 டிகிரியிலிருந்து 4-க்குக் குறைந்தது. மற்றவர்களுக்குச் சுமார் 14-லிருந்து 11-க்கே குறைந்தது. இது நல்ல பலன்தான். ஆனால் அறுவை சுமார் அரைமணி நேரம் நீண்டது. சிலருக்குக் கருவிக் கோளாறினால் வழிகாட்டுதலை இடையில் கைவிட நேர்ந்தது. எலும்பில் திருகிய அடையாளக் கருவி சற்றே நகர்ந்தாலும் திரை காட்டுவதை நம்ப முடியாது. ஆகையால் திரை இல்லாமலும் அறுவையை முடிக்கத் தெரிந்த டாக்டரே இதற்குத் தகுந்தவர். மேலும், சரியான கோணத்தில் வைத்தது என்பது வேறு. அதனால் மூட்டு அதிக ஆண்டுகள் உழைக்கிறது என்று நிரூபிப்பது வேறு. பின்னதற்குப் பல ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

5. முன்னும் பின்னும்

தேய்மானம் என்றவுடன் அறுவை தேவையில்லை. மாத்திரை, பயிற்சி, ஊசி ஆகியவற்றால் தணியாத வலியும், கெட்டுப்போன இரவுத் தூக்கமுமே அறுவையைப்பற்றி யோசிக்கச் செய்பவை. பெயானின் நோயாளிக்கு நேர்ந்த கிருமித்தொற்று இன்றும் அஞ்சத்தக்கதே. ஆகவே சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்திக்கொண்டும், சொத்தைப்பல், தோல்புண் இருந்தால் ஆற்றிக்கொண்டும் அறுவைக்கு வரவேண்டும். பின்பு சில வாரங்கள் கையைத் தூளியில் தொங்கவிட்டு, சில மாதங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியைச் செய்யவேண்டும். வலி தணிந்தவுடன் பயிற்சியை நிறுத்துகிறவர்களுக்குக் கை முழுதாய் உயர்வதில்லை. வீட்டார் அருகிருந்து ஊக்கப்படுத்துவது இங்கே பெரிய உதவி.

உங்கள் சபையில் யாராவது இந்த அறுவைக்கு ஆயத்தமானால், பணம் கட்டுமுன் டாக்டரிடம் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்:

அ) அறுவையின்றி வலியைத் தணிக்க எல்லா வழியையும் பார்த்தாயிற்றா?
ஆ) என் தசைநாண்கள் நன்றாயுள்ளனவா? எந்த வகை மூட்டு எனக்கு ஏற்றது?
இ) என் குழியின் சாய்வு எவ்வளவு? கம்ப்யூட்டர் வழிகாட்டுதல் எனக்கு அவசியமா, அது இல்லாமலும் செய்யலாமா?
ஈ) நீங்கள் இந்த அறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?

நல்ல டாக்டர் இக்கேள்விகளுக்குப் பொறுமையாய்ப் பதில் சொல்லுவார். கடன் வாங்குவதா வேண்டாமா என்று குடும்பம் அதன்பின் தீர்மானிக்கட்டும்.