வாயை மறைத்துத் தொழலாமா?

மக்தபில் தொழுகைப் பாடம் நடந்து கொண்டிருந்தது. தொழுகையில் மக்ரூஹான செயல்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தோம். வாயைத் துணியால் மறைத்துக்கொண்டு தொழுவது மக்ரூஹ் என்ற இடம் வந்ததும் பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், கொரோனா சமயத்துல எங்க அத்தா முகக்கவசம் போட்டுத்தானே தொழுதாங்க? நீங்களும் அப்படித்தானே தொழ வச்சீங்க? அந்தத் தொழுகை எல்லாம் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

2020 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்கள் யாவும் திறக்கப்பட்டபோது இதே கேள்வியைப் பெரியவர்கள் பலர் நம்மிடம் கேட்டனர். அன்று "கூடும், போட்டுக் கொள்ளுங்கள்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டோம். அது போதவில்லை என்று இப்போது படுகின்றது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தொழுகையில் ஒருவர் தம் வாயை மறைத்துக் கொள்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இடம் பெற்றுள்ளது. ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபு அறிஞர்களும் இதைக் கொண்டே மக்ரூஹ் என்றனர். தொழுகை முறியும் என்று அவர்கள் சொல்லவில்லை. நெருப்பு வணங்கிகள் தம் வழிபாட்டில் வாயை மூடிக் கொள்ளும் வழக்கத்துக்கு ஒப்பாகிறது என்பது ஹனஃபி அறிஞர்கள் சிலர் கூறும் காரணம். அதே அறிஞர்கள், கொட்டாவி வந்தால் தொழுகைக்குள்ளேயே வாயில் கையை வைத்து மறைக்க வேண்டும் என்றும் எழுதி வைத்துள்ளார்கள். தேவை வந்தால் மக்ரூஹ் அகன்று விடும் என்பது ஃபிக்ஹின் பொது விதி. முகக்கவசம் நெற்றியை மறைப்பதில்லையாதலால் ஸுஜூதுக்கும் குறையில்லை. ஆகவே அந்த மாணவரின் அத்தாவுடைய தொழுகைகள் நிறைவேறிவிட்டன. களாச் செய்யத் தேவையில்லை.

சட்டம் இவ்வளவே. ஆயினும் அந்நாட்களில் நம் மக்களிடம் இருந்த தயக்கத்துக்குக் காரணம் இந்த மக்ரூஹ் மட்டும்தானா? அல்லவே! கடைத்தெருவில் தொழுகையா நடந்தது? அங்கேயும் கவசம் தாடைக்குக் கீழேதானே தொங்கியது?

2020 ஜூன் 19 முதல் சென்னையிலும் நம் செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளிலும் முழு ஊரடங்கு மீண்டும் வந்தது. காவலர் நிற்கும் தடுப்பு அருகே வந்ததும் கவசம் மூக்குக்கு ஏறும், தாண்டியதும் இறங்கும். செப்டம்பரில் முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய் அபராதம் என்று அரசு சட்டம் கொண்டு வந்தது. அதன்பின் சட்டைப்பைக்குள் கவசம் இல்லாதவர் அரிது. முகத்தில் இருந்தவரும் அரிது. மக்களை மட்டும் குறை சொல்லவும் இயலாது. நலமாக இருப்பவருக்குக் கவசம் வேண்டியதில்லை என்று முதலில் சொன்ன உலகச் சுகாதார நிறுவனம் ஜூன் 5ஆம் தேதிதான் கருத்தை மாற்றியது. அதற்கு முன் ஏப்ரல் நடுவிலேயே மத்திய அரசு பொது இடங்களில் கட்டாயம் என்று அறிவித்திருந்தது. எதை நம்புவது என்று பாமரர் திகைத்ததில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, டெல்லி நிஜாமுத்தீன் கூட்டத்தைக் காட்டி நோய்க்கே மதச் சாயம் பூசினர். தொப்பியும் தாடியும் கண்டு ஒதுங்கியோர் உண்டு. அந்த வேதனையில் நம்மவர் சிலர் கவசத்தையும் ஒரு சூழ்ச்சி என்றே எண்ணிவிட்டனர்.

மாமல்லபுரத்தில் சிற்பிகள் கல் செதுக்கும்போது மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக் கொள்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். கல்தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்தது. அந்தத் துண்டு அவரவர் மூச்சைக் காக்கிறது. கொரோனாவில் கட்டிய துணி முக்கியமாக எதிரே இருப்பவரின் மூச்சைக் காக்க வந்தது. காய்ச்சலோ இருமலோ இல்லாதவரிடமிருந்தும் பேச்சிலும் மூச்சிலும் அந்நோய் பரவக்கூடியது. இந்த வேறுபாடு நெஞ்சில் பதியாததே பெரும் பிழைக்குக் காரணம் என்போம்.

"அல்லாஹ் இருக்கிறான் ஹஜ்ரத், நமக்கென்ன பயம்?" என்று சொன்னவர்களின் ஈமானில் நாம் குறை காணவில்லை. தவக்குல் உயர்ந்த பண்புதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸையும், கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃகு என்னுமிடத்திலிருந்து திரும்பிய வரலாற்றையும் யாவரும் கேட்டிருப்பதால் ஈண்டு விரிக்கவில்லை. நம் உயிரின் மீது நாம் தவக்குல் வைக்கலாம். பக்கத்து ஸஃப்பில் நிற்கும் முதியவரின் உயிரை எடுத்து நம் தவக்குலில் சேர்த்துக் கொள்ள நமக்கு யார் உரிமை தந்தார்? அது ஹக்குல் இபாது, அடியார்களின் உரிமை. உரியவர் மன்னிக்காமல் அது தீராது.

நபி (ஸல்) அவர்கள் தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மறைத்து ஓசையைத் தாழ்த்திக் கொள்வார்கள் என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகின்றது. குடிக்கும் பாத்திரத்துக்குள் மூச்சு விடுவதைத் தடுத்துள்ளார்கள். பூண்டோ வெங்காயமோ பச்சையாகத் தின்றவர் நம் பள்ளியை நெருங்க வேண்டாம் என்றார்கள். சற்று நின்று சிந்தியுங்கள். பூண்டு ஹலால், அதைத் தின்றவர் பாவம் ஏதும் செய்யவில்லை. எனினும் அவர் மூச்சு பக்கத்தில் நிற்பவரை வருத்துகிறது என்ற ஒரே காரணத்தால் ஜமாஅத்தின் நன்மையை விட்டு வீட்டில் இருக்கச் சொல்கிறது மார்க்கம். வெறும் வாடைக்கே இப்படியென்றால் நோய் சுமந்த மூச்சுக்கு என்ன சொல்வது?

இங்கே பெண்களுக்கும் ஒரு வார்த்தை. "முகத்தை மூடியவர்களைப் பார்த்துச் சிரித்த ஊரே இன்று மூடிக்கொண்டது" என்று நம் வீடுகளில் பேசிக் கொண்டோம். பேச இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் நிகாப் போட்டிருக்கிறோமே, தனியாகக் கவசம் எதற்கு என்று சிலர் இருந்துவிட்டது தவறு. கீழே திறந்து தொங்கும் துணி மூச்சைத் தடுக்காது.

வங்காள தேசத்தில் 600 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. இலவசமாகக் கவசம் கொடுத்து, விளக்கம் சொல்லி, மறந்தவரை நேரில் நினைவூட்டி, ஊர்ப் பெரியவர்களும் இமாம்களும் அணிந்து காட்டிய கிராமங்களில் முறையாக அணிவோர் நூற்றுக்கு 13 பேரிலிருந்து 42 பேராக உயர்ந்தனர். மருத்துவக் கவசம் கொடுத்த ஊர்களில் அறிகுறியுடன் கூடிய தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது; 60 வயது கடந்தோரிடம் சுமார் 35 சதவீதம். துணிக் கவசத்தில் இவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. தொலைபேசிக்கு அனுப்பிய குறுஞ்செய்தியால் பழக்கம் மாறவில்லை. பள்ளிவாசலில் நின்று இமாம் சொன்னது அம்முயற்சியின் ஒரு பகுதியாயிருந்தது என்பதைப் படித்தபோது நமக்கு வெட்கமாக இருந்தது. காரணத்தைச் சொல்லி விடுகிறோம்.

2021 ரமளானின் தொடக்க நாட்கள். நாம் தொழ வைக்கும் பள்ளியில் காது மந்தமான பெரியவர் ஒருவர் தொழுகைக்குப் பின் மஸ்அலா கேட்பார். கவசத்துடன் பேசினால் அவருக்கு விளங்காது. அதை இறக்கிவிட்டு, அவர் காதருகே குனிந்து உரக்கச் சொல்வோம். கடற்கரையில் காற்றாட நின்று மீன் ஏலம் கூவுபவரைப் பார்த்து "கவசம் எங்கே?" என்று கேட்ட நாம், கதவடைத்த அறைக்குள் செய்தது இது. மூன்றாம் நாள் நமக்குக் காய்ச்சல். பரிசோதனையில் தொற்று உறுதியாயிற்று. அடுத்த வாரம் அவருக்கும். ஏப்ரல் 26இல் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. மே மாதம் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நோய் நம்மிடமிருந்து போனதா, வேறிடத்திலிருந்து வந்ததா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். "அத்தாவோட நேரம் அவ்வளவுதான் ஹஜ்ரத்" என்று அவர் மகன் நமக்கு ஆறுதல் சொன்னார். அஜல் குறிக்கப்பட்டது என்பது நம் அகீதா. ஆனால் நேரம் வந்துவிட்டது என்பதோடு விசாரணை முடியுமானால், தவறுதலாகக் கொன்றவருக்குத் திருக்குர்ஆன் நிஸா அத்தியாயத்தில் நஷ்டஈட்டையும் கஃப்பாராவையும் ஏன் விதிக்க வேண்டும்? கொல்லப்பட்டவரின் அஜலும் குறிக்கப்பட்டதுதானே! தொற்று வந்த வழி உறுதியாகத் தெரியாதபோது நம் செயலுக்கு அச்சட்டம் பொருந்தும் என்று நாம் சொல்ல வரவில்லை. களாகத்ர் நம் பொறுப்பைத் துடைத்துவிடாது என்பதற்கே எடுத்துக்காட்டினோம். அந்த மகனிடம் பின்னொரு நாள் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மன்னித்ததாகச் சொன்னார்.

இன்று கட்டாயமும் இல்லை, அபராதமும் இல்லை. காய்ச்சலும் இருமலும் உள்ளவருக்கு ஜமாஅத்தை விட உஸ்ரு உண்டு. அவர் வீட்டிலேயே தொழட்டும். இலேசான சளியோடு வர விரும்புபவர் வாயையும் மூக்கையும் மறைத்து, ஓரமாக நின்று தொழுதால் அதில் மக்ரூஹ் இல்லை. அவரை யாரும் முறைத்துப் பார்க்க வேண்டாம். நம் பள்ளியில் ஹவுளுக்கு அருகே கவசங்கள் வைத்த பெட்டி ஒன்று இன்றும் இருக்கின்றது. மழைக்கால ஜும்ஆக்களில் இரண்டு மூன்று குறைகின்றன.