மார்ச் வருமுன் மரம் தறிக்க வேண்டுமா? இந்தக் கிழமையே கவுன்சிலுக்கு எழுதுங்கள்

தைப்பொங்கல் முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் வீட்டு வளவில் நிற்கும் மரத்தை வசந்தத்துக்கு முன் தறிக்க நினைப்பவர்களுக்கு இனி நாள் அதிகம் இல்லை. வீட்டு உறுதி உங்கள் பெயரில் இருக்கலாம். அதற்காக மரமும் உங்கள் விருப்பம் என்று எண்ணி வாள்காரரைக் கூப்பிட்டு விடாதீர்கள். முதலில் கவுன்சிலிடம் இரண்டு விடயம் கேளுங்கள்: மரத்துக்குப் பாதுகாப்பு உத்தரவு, அதாவது டீபீஓ, இருக்கிறதா? தெரு கொன்சவேஷன் ஏரியாவுக்குள் வருகிறதா? பல கவுன்சில்களின் இணையத்தளத்தில் இதற்கு வரைபடம் உண்டு. இல்லையென்றால் ட்ரீ ஒபிசருக்கு மின்னஞ்சல் போடுங்கள். புதிதாகக் கட்டிய வீடென்றால் பிளானிங் அனுமதியின் நிபந்தனைகளையும் ஒருமுறை வாசியுங்கள்.

கொன்சவேஷன் ஏரியா என்றால் அளவுநாடாவோடு வெளியே போங்கள். நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், ஏறக்குறைய நெஞ்சு மட்டத்தில், அடிமரத்தைச் சுற்றி அளக்க வேண்டும். சட்டம் சொல்வது 7.5 சென்ரிமீற்றர் விட்டம். சுற்றளவில் அது 24 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் முழங்கைத் தடிப்பு மரம்கூட இதற்குள் அகப்பட்டுவிடும். அதைவிடப் பருத்திருந்தால், தறிக்கவோ கிளை வெட்டவோ ஆறு கிழமைக்கு முன் கவுன்சிலுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். இந்தக் கிழமை அனுப்பினால் பெப்ரவரிக் கடைசியில் தவணை முடியும். அதற்குள் மறுப்பு வராவிட்டால் வேலையைத் தொடங்கலாம்.

டீபீஓ உள்ள மரத்துக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அதில் தடிப்பு எவ்வளவென்ற பேச்சே இல்லை. கவுன்சில் எட்டுக் கிழமை எடுக்கலாம். பதில் வரவில்லை என்பதை அனுமதியாக எடுக்கவும் முடியாது. இப்போது விண்ணப்பித்தாலும் மார்ச் நடுப்பகுதி ஆகிவிடும். அப்போது குருவிகள் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். கட்டுகிற கூட்டையோ பாவனையிலுள்ள கூட்டையோ தெரிந்துகொண்டு கலைப்பது 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே விண்ணப்பத்தை இப்போதே போட்டு, தறிப்பதை செப்டெம்பருக்குத் தள்ளுங்கள். அனுமதி வழமையாக இரண்டு வருடம் செல்லும், விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. பொந்துள்ள மரமென்றால் வௌவால் இருக்கிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். வௌவாலின் இருப்பிடத்துக்கு வருடம் முழுவதும் பாதுகாப்பு உண்டு.

கதவைத் தட்டி, "அனுமதியெல்லாம் தேவையில்லை, இன்றைக்கே முடித்துத் தாறன்" என்று வருபவரை நம்பாதீர்கள். அனுமதியின்றி மரத்தை அழித்தால் வெட்டியவரோடு வெட்டச் சொன்னவரும் நீதிமன்றம் போக நேரும். தண்டப்பணத்துக்கு உச்சவரம்பு இல்லை. போதாததற்கு, அதே இடத்தில் வேறு மரம் நடவும் வேண்டும். பக்கத்து வளவிலிருந்து எங்கள் பக்கம் நீண்ட கிளைக்கும் இதே விதிதான்.

லண்டனின் பல பகுதிகளில் அடியில் இருப்பது களிமண். பெரிய மரத்தை எடுத்ததும், அது உறிஞ்சிய நீர் மண்ணில் தங்கி நிலம் உப்பலாம்; அத்திவாரம் அசையும். வீட்டருகே நிற்கும் மரமென்றால் காப்புறுதிக் கொம்பனியோடும் பேசுங்கள்.

பட்டுப்போன மரத்துக்கு விண்ணப்பம் தேவையில்லை. ஐந்து வேலைநாளுக்கு முன் எழுத்தில் அறிவித்தால் போதும். புயலில் சாய்ந்து உடனடி ஆபத்தாக நின்றால், ஆபத்தை நீக்கத் தேவையான அளவு மட்டும் வெட்டிவிட்டு, உடனே கவுன்சிலுக்கு எழுதுங்கள். வெட்டுமுன் நாலு பக்கமும் நின்று படம் எடுங்கள். உக்கிய துண்டொன்றையும் எறியாமல் வைத்திருங்கள். மரம் ஆபத்தாக நின்றதென்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு உங்களுடையது.