எரிமலைக்கு எவ்வளவு அருகில் செல்லலாம்?

இத்தாலி நாட்டில், சிசிலித் தீவுக்கு வடக்கே, கடலிலிருந்து எழுந்து நிற்கிறது ஸ்ட்ராம்போலி எரிமலை. உயரம் 924 மீட்டர். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அது அடிக்கடி வெடித்துக்கொண்டே இருக்கிறது. இரவில் தொலைவிலிருந்தும் தெரியும் அதன் ஒளியால் 'மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம்' என்று பெயர் பெற்றது.

அங்குச் சென்றிருந்தபோது, ஒரு மாலை வழிகாட்டி ஒருவருடன் சிலர் மலையேறினோம். தலையில் கவசம், காலடியில் சரியும் கறுப்பு மணல். 400 மீட்டர் உயரத்தில் வழிகாட்டி எங்களை நிறுத்திவிட்டார். எரிமலை வாய் இன்னும் மேலே இருந்தது. எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

இருட்டியது. திடீரென்று செந்நிற ஒளி! கனன்ற பாறைத் துண்டுகள் வானில் சிதறின. ஆனால் ஓசை இல்லை. சுமார் 3 வினாடி கழித்தே முழக்கம் கேட்டது. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். ஆகவே எரிமலை வாய் 340 × 3 = 1020 மீட்டர், அதாவது சுமார் 1 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

மலை ஏன் வெடிக்கிறது? கேழ்வரகுக் கூழ் கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குமிழி மேலே வந்து உடையும்போது சூடான கூழ் தெறிக்கும். பாறைக் குழம்பில் கரைந்துள்ள நீராவி, கரியமில வாயு முதலியன மேலே வரவர அழுத்தம் குறைந்து குமிழிகளாகின்றன. அவை ஒன்றுசேர்ந்து, பெருங்குமிழியாகி, வாயில் உடைகின்றன.

அடுத்த வெடிப்பில் ஒரு துண்டு உச்சியை அடைய 4 வினாடி ஆயிற்று. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், அதன் தொடக்க வேகம் 10 × 4 = வினாடிக்கு 40 மீட்டர். காற்றின் தடையை விட்டுவிட்டால், 45 பாகைச் சாய்வில் எறியப்படும் துண்டு சமதரையில் செல்லும் தொலைவு, வேகத்தின் வர்க்கத்தை 10ஆல் வகுத்தால் கிடைக்கும்: 160 மீட்டர்.

அப்படியானால் இன்னும் அருகில் போயிருக்கலாமே என்கிறீர்களா? வர்க்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். வேகம் 3 மடங்கானால் தொலைவு 9 மடங்காகும்: 1440 மீட்டர். நாங்கள் நின்ற இடத்தையும் தாண்டிவிடும்! நாங்கள் வாயைவிடத் தாழ்வில் நின்றதால், துண்டு இன்னும் தள்ளியே விழும்.

இது வெறும் கணக்கன்று. 2019 ஜூலை 3 அன்று ஸ்ட்ராம்போலி வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக வெடித்தது. மலையேறச் சென்ற ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய பெருவெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் நிலம் மிகச் சிறிதளவு உப்புவதைச் சாய்வுமானிகள் காட்டுகின்றன. ஓடி ஒளிய அந்நேரம் போதுமா? வாயிலிருந்து தள்ளி நிற்பவருக்கே அந்த நிமிடங்கள் பயன்படும். வழிகாட்டி எங்களை நிறுத்தியதன் பொருள் அப்போது விளங்கியது. நேற்று விழுந்த கல்லை வைத்து நாளைய எல்லையைக் குறிக்க முடியாது.

நீங்களே செய்து பாருங்கள்: ஒரு துண்டு உச்சியை அடைய 6 வினாடி ஆனால், அதே வேகத்தில் 45 பாகைச் சாய்வில் எறியப்படும் துண்டு சமதரையில் எவ்வளவு தொலைவு செல்லும்? (விடை: 360 மீட்டர்.)